ரெண்டு டீசல் வேன், ரெண்டு வேற வேற ஆயில்: கேன் பின்பக்கத்த படிக்காம ஊத்தாதீங்க

நாமக்கல்ல ரெண்டு வேன் வெச்சு ஓட்டிட்டு இருக்கேங்க. ஒண்ணு 2014 மாடல் டெம்போ ட்ராவலர், இன்னொண்ணு 2021-ல எடுத்த பிஎஸ்6 (புது புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வேன். ரெண்டாவது எந்த கம்பெனின்னு சொல்லல, ஏன்னா நடந்ததுல வண்டி மேல ஒரு தப்பும் கிடையாது, பேர போட்டா படிக்கிறவங்க அந்த வண்டியே சரியில்லன்னு நெனச்சுக்குவாங்க. வாரத்துல ஆறு நாள் ஸ்பின்னிங் மில்லுக்கு ஷிப்ட் ஆளுங்கள ஏத்தி எறக்குற ட்ரிப்பு, ஞாயித்துக்கிழமை கோயில் ட்ரிப்பு, கார்த்திகை மார்கழி வந்தா சபரிமலை, மே மாசம் ஊட்டி ஏற்காடு. இந்த ரெண்டு வண்டிக்கும் இத்தன வருஷத்துல என்னென்ன ஆயில் ஊத்துனேன், எது நல்லா இருந்துச்சு, எது எனக்கு செலவு வெச்சுச்சுன்னு மொத்தமா எழுதிடலாம்னு தோணுச்சு. டீசல் வேன் வெச்சிருக்கறவங்க என்கிட்ட கேக்குற மொத கேள்வியே "அண்ணா எந்த பிராண்டு நல்லது"ங்கறதுதான், அந்த கேள்வியே தப்புன்னு எனக்கு புரியறதுக்கு கைல இருந்து நல்ல தொகை போயிருச்சு.

மொதல்ல பழைய வண்டி. ட்ராவலர்ல இருக்கறது மெர்சிடிஸ் டிசைன் வழியா வந்த 2.6 லிட்டர் எஞ்சின், அடிச்சு ஓட்டுனாலும் தாங்கும், ஆனா நேரத்துக்கு ஆயில் சர்வீஸ் பண்ணணும், அது மட்டும்தான் அது கேக்குறது. இதுல டிபிஎஃப் (புகைல வர்ற கரிய பிடிக்கிற ஃபில்டர்), சென்சார் அது இதுன்னு சைலன்சர்ல எதுவும் கிடையாது. இதுக்கு 15டபிள்யூ-40 கெட்டித்தன்மைல, சிஐ-4ங்கற தரத்துல இருக்குற ஆயில் எதுவா இருந்தாலும் ஒத்துக்குது (இந்த நம்பரெல்லாம் என்னன்னு பின்னாடி சொல்றேன்), இது நான் சும்மா சொல்லல, மாத்தி மாத்தி ஊத்திப் பாத்துட்டேன். சர்வோ ஊத்திருக்கேன், மேக் ஊத்திருக்கேன், குல்ஃப் ஊத்திருக்கேன், இப்ப ரெண்டு வருஷமா ஷெல் ரிமுலா ஆர்4 எக்ஸ் ஓடுது. ரிமுலால காலைல ஸ்டார்ட் பண்ணுறப்ப டப்பெட் சத்தம் சீக்கிரம் அடங்குற மாதிரி எனக்கு தெரியுது, ஆனா அது என் காதுக்கு மட்டும் அப்படி கேக்குதோ என்னவோ, மத்தபடி மைலேஜுலயோ இழுவைலயோ சொல்ற மாதிரி ஒரு வித்தியாசமும் இல்ல. சர்வோ இந்தியன் ஆயில் பங்க்குலயே கெடைக்குது, மேக் பாரத் பெட்ரோலியம் பங்க்குல கெடைக்குது, டீசல் அடிக்கிற எடத்துலயே பில்லோட வாங்கிடலாம், டூப்ளிகேட் பயம் கம்மி, அந்த ஒரு காரணத்துக்கே வெளியூர் ட்ரிப்புல டாப்-அப் பண்ணணும்னா நான் பங்க்குல இருக்கறதத்தான் வாங்குவேன். பழைய வண்டிக்காரங்களுக்கு என் ரிவ்யூ இவ்ளோதான், நல்ல கம்பெனி 15டபிள்யூ-40, கேன்ல சிஐ-4 இல்ல அதுக்கு மேல, கூடவே ஒரிஜினல் ஃபில்டர்.

ஒண்ணு மட்டும், புதுசா டீசல் வண்டி எடுத்த பசங்க ஆயில் மாத்தி மக்யா நாளே டிப் ஸ்டிக்க (ஆயில் லெவல் பாக்குற கம்பி) உருவிப் பாத்துட்டு "கறுப்பாயிருச்சு, ஆயில் டூப்ளிகேட்"னு ஓடி வர்றாங்க. டீசல் எஞ்சின்ல எரியுறப்ப கரி வரும், அந்தக் கரிய ஒட்டுக்கா சேரவிடாம, எஞ்சின் சுவத்துல அப்பவிடாம, பொடிப்பொடியா தனக்குள்ளயே பிடிச்சு வெச்சுக்கறதுதான் டீசல் ஆயிலோட வேலை. கறுப்பானா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். விரல்ல தொட்டு தேச்சுப் பாருங்க, வழுவழுன்னு இருந்தா பிரச்சனை இல்ல. மண்ணு மாதிரி நரநரன்னு இருந்தாலோ, டீக்கடை பாய்லர் பால் மாதிரி வெளுத்திருந்தாலோ, டீசல் வாசம் குப்புனு அடிச்சாலோ அப்பதான் யோசிக்கணும். அந்த டீசல் வாசம்தான் என் ரெண்டாவது வண்டியோட கதை.

புது வண்டிக்கு மொத மூணு சர்வீஸ் கம்பெனிலயே பண்ணுனேன், அவங்க என்ன ஊத்துனாங்கன்னு நான் பாக்கவே இல்ல, பில்லுல ஆயில்னு ஒரு தொகை இருந்துச்சு, கட்டிட்டு வந்தேன். அப்பறம் 30,000 கிலோமீட்டர் தாண்டுனதும், ரெண்டு வண்டிக்கும் சேத்து ஒரு 20 லிட்டர் பக்கெட்டா வாங்கிட்டா லிட்டருக்கு நல்லா கம்மியாகுமேன்னு திருச்சி ரோட்டுல ஒரு கடைல கேட்டேன். கடைக்காரர் வண்டி என்ன மாடல்னு கேட்டாரு, பிஎஸ்6னு சொன்னேன், "டீசலுக்கு டீசல் ஆயில்தானுங்க, எல்லாம் ஒண்ணுதான், லாரிக்காரங்களே இதத்தான் ஊத்துறாங்க"ன்னு சொல்லி அதே சிஐ-4 பக்கெட்ட தூக்கி வெச்சாரு. நாமக்கல்ல லாரிக்காரங்க ஊத்துறாங்கன்னு சொன்னா அதுக்கு மேல யாரு கேள்வி கேப்பா. அந்த பக்கெட்டும் டூப்ளிகேட் இல்ல, நல்ல ஆயில்தான், பழைய வண்டில அருமையா ஓடுச்சு. புது வண்டில அதே ஆயில நாலு சர்வீஸ் ஊத்துனேன், நாப்பதாயிரம் கிலோமீட்டர்.

அந்த நாலுல ரெண்டாவது சர்வீஸுக்கப்பறம் டிப் ஸ்டிக்ல ஒரு வினோதம். ஆயில் கொறையவே இல்ல. கொறையலன்னா எஞ்சின் டைட்டா இருக்குன்னு எனக்கு சந்தோஷம். மூணாவது சர்வீஸ் கிட்ட வர்றப்ப லெவல் மேல் கோட்டத் தாண்டி நின்னுச்சு. ஊத்துன நானே எச்சா ஊத்திட்டேன் போலன்னு விட்டுட்டேன். அப்பறம்தான் டேஷ்போர்டுல அந்த மஞ்சள் விளக்கு, சைலன்சர் டப்பாக்குள்ள புள்ளி புள்ளியா இருக்குமே, அது எரிய ஆரம்பிச்சுச்சு. சேலம் ரோட்டுல சித்த நேரம் வெரட்டி ஓட்டுனா அணையும், நாலு நாள் மில் ட்ரிப்பு அடிச்சா திருப்பி எரியும்.

2023 ஆடி 18. கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு ஒரே குடும்பத்து ஆளுங்க, வயசான அம்மாக்கள், கைக்குழந்தையோட ஒரு பொண்ணு, வண்டி நெறைய. காரவள்ளி அடிவாரத்துல இருந்து மேல ஏற 70 கொண்டை ஊசி வளைவு, அந்த ரோடு தெரிஞ்சவங்களுக்கு தெரியும், வளைவுக்கு வளைவு ரெண்டாவது கியருக்கு வந்து, மொத கியர தொட்டு, திருப்பி ஏத்தணும், பின்னாடி ஆடிப்பெருக்கு கூட்டத்துல பஸ்ஸும் பைக்குமா வரிசையா நிக்குது. முப்பதாவது வளைவ தாண்டி இருப்போம், எஞ்சின் செக் லைட்டும் சேந்து எரிஞ்சுச்சு, வண்டி இழுவைய விட்டுருச்சு. ஆக்சிலேட்டர எவ்ளோ மிதிச்சாலும் ரெண்டாயிரம் சுத்துக்கு மேல போகல. பின்னாடி உருளாம இருக்க ஹேண்ட் பிரேக் போட்டு, ரெண்டு பெரிய கல்ல சக்கரத்துக்கு அண்ட குடுத்து, எல்லாரையும் எறக்கி ஓரமா உக்கார வெச்சேன். அந்தக் குழந்தைய மடில வெச்சுட்டு அந்தப் பொண்ணு வெயில்ல மண்திட்டு மேல உக்காந்திருந்தது இப்பவும் கண்ணு முன்னாடி இருக்கு. நம்பி ஏறுனவங்கள நடு மலைல எறக்கி விடுறத விட ஒரு டிரைவருக்கு கேவலம் எதுவும் இல்லீங்க. வேற வண்டி வரவெச்சு அவங்கள மேல அனுப்பிட்டு, நான் வண்டிய மெதுவா எறக்கி கொண்டு வந்தேன்.

சேலத்துல ஒரு எடத்துல டிபிஎஃப் கழட்டி கிளீன் பண்றாங்கன்னு கேள்விப்பட்டு கொண்டு போனேன். அங்க ஒரு தம்பி, நல்லா படிச்ச பையன், டூல்ஸ கீழ வெச்சுட்டு எனக்கு பொறுமையா வெளக்குனான். அந்த ஃபில்டர கழட்டி, வெள்ளத் துணிய கீழ விரிச்சு, பின்பக்கத்துல இருந்து காத்தடிச்சான். நான் கறுப்பா கரி கொட்டும்னு பாத்தா, கரி கொஞ்சம்தான், கொட்டுனது முழுக்க சாம்பல். மாட்டுச்சாணி விபூதி மாதிரி மெருதுவா, லேசா பழுப்பு கலந்த சாம்பல். கைல எடுத்து தேச்சேன், விரல் ரேகைக்குள்ள போயி உக்காந்துக்குச்சு. "அண்ணா, கரின்னா வண்டி தானே எரிச்சுக்கும், இது எரியாது, இது டீசல்ல இருந்து வந்தது இல்ல, நீங்க ஊத்துன ஆயில்ல இருந்து வந்தது"ன்னான்.

அவன் சொன்னத நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்றேன். எஞ்சின் ஆயில்ல சுத்தம் பண்றதுக்கும் தேய்மானம் தடுக்கறதுக்கும் கால்சியம், ஜிங்க் மாதிரி உலோகம் கலந்த மருந்துங்க சேப்பாங்க. எந்த எஞ்சினா இருந்தாலும் பிஸ்டன் ரிங் வழியா துளி ஆயில் எரியத்தான் செய்யும். ஆயில் எரிஞ்சு போயிரும், அதுல இருந்த உலோகம் சாம்பலா மிஞ்சும். பழைய வண்டில அது சைலன்சர் வழியா வெளிய போயிரும். பிஎஸ்6 வண்டில வழில டிபிஎஃப் ஜல்லடையா நிக்குது. கரி சேந்தா வண்டி அந்த ஃபில்டர 600 டிகிரி கிட்ட சூடாக்கி எரிச்சுக்கும், அதுக்குப் பேருதான் ரீஜெனரேஷன். சாம்பல் அந்த சூட்டுக்கும் எரியாது, அப்படியே தங்கி, கொஞ்சம் கொஞ்சமா ஓட்டைய அடைக்கும். சிஐ-4ங்கறது 2002-ல வந்த தரம், அது வந்தப்ப நம்மூரு வேன்ல டிபிஎஃப்பே கிடையாது, அதனால அந்த தரத்துல சாம்பலுக்கு உச்சவரம்பே வெக்கல. 2006-ல சிஜே-4 வந்தப்பதான் நூத்துக்கு ஒண்ணுக்கு மேல சாம்பல் போகக்கூடாதுன்னு வெச்சாங்க, 2016 கடைசில வந்த சிகே-4க்கும் அதே அளவு.

டிப் ஸ்டிக்ல லெவல் ஏறுனதுக்கும் பதில் கெடச்சுச்சு. ரீஜெனரேஷனுக்கு சூடு வேணும்னு சில எஞ்சின்ல கொஞ்சம் டீசல எச்சா, லேட்டா சிலிண்டருக்குள்ள அடிப்பாங்க. வண்டி ஹைவேஸ்ல ஒரே வேகத்துல இருபது நிமிஷம் ஓடுனா அந்த வேலை முடிஞ்சிரும். என் வண்டி ஆறு கிலோமீட்டர் போயி மில் கேட்டுல நின்னுரும், ஆளு ஏறுற வரைக்கும் ஐடில்ல நிக்கும், பாதி எரிச்சதோட நிப்பாட்டிடுவோம், மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கும். இப்படி ஒவ்வொரு தடவையும் எரியாத டீசல் சிலிண்டர் சுவத்துல வழிஞ்சு கீழ ஆயில் தங்குற சம்புக்குள்ள எறங்கிரும். லெவல் ஏறுனது ஆயில் இல்ல, டீசல். டீசல் கலந்தா ஆயில் நீத்துப்போகும், பேரிங்குக்கும் டர்போவுக்கும் பாதுகாப்பு போச்சு. அந்த தம்பி டிப் ஸ்டிக்க உருவி என் மூக்கு கிட்ட நீட்டுனான், பங்க்குல நிக்கிற மாதிரி வாசம்.

அதனால முழுப் பழியும் ஆயில் மேல போட மாட்டேன். குட்டி ட்ரிப்பு பாதி, சாம்பல் எச்சா இருக்குற ஆயில் பாதி. சாம்பல் ஏற்கனவே எடத்த அடச்சுட்டதால கரி சேர்றதுக்கு எடம் கம்மி, அதனால அடிக்கடி ரீஜெனரேஷன் கேக்குது, அடிக்கடி கேட்டா டீசல் எச்சா எறங்குது, ஒண்ண ஒண்ணு இழுத்துவிட்டுருச்சு. கிளீனிங், சென்சார், ஆயில் ஃபில்டர் எல்லாம் சேத்து 14 ஆயிரத்துக்கு மேல ஆச்சு, மூணு நாள் வண்டி நின்ன வாடகை தனி. டிபிஎஃப்பே போயிருந்தா மாத்த லட்சத்துக்கு மேல ஆகும்னாங்க, ஏதோ தப்பிச்சேன். பக்கெட்டா வாங்கி நாலு சர்வீஸ்ல நான் மிச்சம் பண்ணுனது அஞ்சாயிரம் கூட இருக்காது.

அன்னிக்கு ராத்திரி வந்து வண்டியோட ஓனர் புக்க மொத தடவையா ஆயில் பக்கத்த தேடி எடுத்துப் படிச்சேன். தெளிவா போட்டிருக்கு, 5டபிள்யூ-30, ஏசிஇஏ சி3 (ஐரோப்பாக்காரங்க தரம்), லோ ஆஷ். அதாவது சாம்பல் கம்மியா இருக்குற ஆயில், சி3ல நூத்துக்கு 0.8க்கு மேல சாம்பல் இருக்கக்கூடாது. வண்டி எடுத்த நாள்ல இருந்து டேஷ்போர்டு டப்பாக்குள்ள பதில் இருந்துச்சு.

இப்ப கேன எப்படி படிக்கறதுன்னு சொல்றேன், இதுதான் முக்கியம். முன்பக்கத்துல பெருசா இருக்குற டர்போ, மேக்ஸ், அல்ட்ரா, ப்ரோ, கிரிக்கெட் வீரர் போட்டோ எதையும் பாக்காதீங்க. பின்பக்கம் திருப்புங்க. குட்டி எழுத்துல ஏபிஐன்னு (அமெரிக்காக்காரங்க தரம்) போட்டு பக்கத்துல சிஐ-4, சிகே-4ன்னு இருக்கும், சில கேன்ல வட்டமா ஒரு முத்திரை இருக்கும், வட்டத்தோட மேல் பாதில தரம், நடுவுல 15டபிள்யூ-40ன்னு கெட்டித்தன்மை. சி-ல ஆரம்பிச்சா டீசல், எஸ்-ல ஆரம்பிச்சா பெட்ரோல், ரெண்டும் சேந்தும் இருக்கும். சி-க்கு அடுத்த எழுத்து தள்ளிப் போகப் போக புது தரம், ஐ-ய விட ஜே புதுசு, ஜே-ய விட கே புதுசு. ஏசிஇஏன்னு ஐரோப்பாக்காரங்க தரம் தனியா இருக்கும், சி2, சி3ங்கறது அந்தக் கணக்கு, இந்த சி வேற. எவ்ளோ கவனமா பாக்கணும்னு ஒரு உதாரணம், நான் பழைய வண்டிக்கு ஊத்துற ரிமுலா ஆர்4 எக்ஸ் சிஐ-4, அதே வரிசைல ஆர்4 எல்னு ஒண்ணு இருக்கு, அது சாம்பல் கம்மியான சிகே-4. ரெண்டும் 15டபிள்யூ-40தான், கேன் தூரத்துல பாத்தா ஒரே மாதிரி, ஒரே ஒரு எழுத்து. கடைல "ரிமுலா ஆர்4 குடுங்க"ன்னு கேட்டா எது கைல வரும்னு சொல்ல முடியாது. எல்லா பெரிய பிராண்டுலயும் இப்படி அண்ணன் தம்பி மாதிரி பேரு வெச்ச ஆயிலுங்க இருக்கு, அதனாலதான் பிராண்டு பேர மட்டும் சொல்லி வாங்காதீங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றேன்.

அடுத்தது, 5டபிள்யூ-30 வாங்கப் போனா நம்மூர்ல எல்லாரும் தடுப்பாங்க. எங்க மெக்கானிக் அண்ணன், இருவது வருஷ பழக்கம், நல்ல மனுஷன், "ஏண்டா கண்ணு, தண்ணி மாதிரி இருக்கு, நம்மூரு வெயிலுக்கு தாங்குமா, எஞ்சின் போயிரும்"னு நெஜமான அக்கறைலதான் சொன்னாரு. கேன்ல இருந்து ஊத்துறப்ப பாத்தா எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, 15டபிள்யூ-40 கட்டியா வழியும், இது ரசம் மாதிரி ஊத்துது. ஆனா உக்காந்து படிச்சுப் பாத்தா விஷயம் வேற. முன்னாடி இருக்குற நம்பர் குளிர்ல எப்படி ஓடுதுங்கறதுக்கு, அந்த டபிள்யூ வின்டர். 15டபிள்யூன்னா மைனஸ் 20 டிகிரில சோதிக்கிறாங்க, 5டபிள்யூன்னா மைனஸ் 30ல. அந்தக் குளிரு நாமக்கல்ல கெடையாது, ஊட்டில மார்கழி விடியக்காலைல கூட பூஜ்யத்த ஒட்டித்தான் இருக்கும். ஆனாலும் காலைல மொத ஸ்டார்ட்ல லேசான ஆயில் சீக்கிரமா மேல ஏறி டர்போவ தொடும், டர்போ தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்துற சாமான், அதுக்கு அந்த நொடி முக்கியம்.

பின்னாடி இருக்குற நம்பருதான் சூட்டுக்கு, 100 டிகிரில அளக்கறது. வெளிய 42 டிகிரி வெயில் அடிச்சாலும் எஞ்சினுக்குள்ள கூலன்ட்டும் தெர்மோஸ்டாட்டும் சேந்து 90 டிகிரி சுத்தித்தான் வெச்சிருக்கும், ஊட்டில ஓடுனாலும் அதே 90தான். அப்பறம் சி3ல இன்னொரு நிபந்தனை இருக்கு. 150 டிகிரி சூட்டுல, பேரிங்குக்கு நடுவுல வேகமா தேய்படுற மாதிரி நெலைமைல, ஆயில் எவ்ளோ கெட்டியா நிக்குதுன்னு ஒரு சோதனை பண்றாங்க. 15டபிள்யூ-40க்கு அதுல கொறஞ்சபட்சம் 3.7 வரணும். சாதா 5டபிள்யூ-30க்கு 2.9 வந்தா போதும். ஆனா சி3ன்னு போட்ட 5டபிள்யூ-30க்கு 3.5க்கு கொறையவே கூடாது. 3.7க்கும் 3.5க்கும் எவ்ளோ தூரம் சொல்லுங்க. ஊத்துறப்ப தண்ணி மாதிரி தெரிஞ்சது எஞ்சின் சூடானப்பறம் கிட்டத்தட்ட அதே கெட்டிதான். அதே நேரம், ரெண்டு கேன்லயும் 5டபிள்யூ-30ன்னு இருந்தாலும் ஒண்ணு சி2, ஒண்ணு சி3ன்னா ரெண்டும் ஒண்ணில்ல, லோடு வண்டிக்கு அந்த வித்தியாசம் பெருசு. இத எங்க மெக்கானிக் அண்ணனுக்கு கேன திருப்பிக் காட்டி சொன்னேன், அவரு கண்ணாடி மாட்டிட்டு ரெண்டு தடவ படிச்சாரு, இப்ப வர்ற பிஎஸ்6 வண்டிக்காரங்க எல்லார்கிட்டயும் "புக்கு எங்க"ன்னு மொதல்ல கேக்குறாரு.

உங்க பிஎஸ்6 வண்டி புக்குல சிகே-4 15டபிள்யூ-40 போதும்னு இருந்தா உங்களுக்கு வேலை சுலபம், சிகே-4ங்கறது சிஐ-4 கேக்குற பழைய எஞ்சினுக்கும் ஊத்தலாம், ஒரே பக்கெட்ல ரெண்டு வண்டியும் ஓடும். சாம்பல் கம்மின்னா பழைய வண்டிக்கு சக்தி பத்தாதேன்னு சிலபேரு சொல்லுவாங்க, அது கந்தகம் எச்சா இருந்த பழைய டீசல் காலத்து பேச்சு, பிஎஸ்3 காலத்துல டீசல்ல 350 பிபிஎம் (பத்து லட்சத்துல இத்தன பங்கு) கந்தகம் இருந்துச்சு, 2020 ஏப்ரல்ல இருந்து எந்த பங்க்குல அடிச்சாலும் 10தான். என் வண்டி சி3 கேக்குது, எனக்கு அந்த வழி இல்ல, ரெண்டு கேன் தனித்தனியாத்தான் வாங்குறேன். கேன் மேல ஸ்கெட்ச்சுல பழசு, புதுசுன்னு பெருசா எழுதி வெச்சிருக்கேன், நான் ஊர்ல இல்லாதப்ப பையன் மாத்தி ஊத்திடக்கூடாதுன்னு.

விலை சொல்லணும்னா, நான் கடைசியா வாங்குனப்ப சிஐ-4 லிட்டர் நானூறுக்குள்ள முடிஞ்சுச்சு, சி3 சிந்தெடிக் அதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. வலிக்கத்தான் செய்யும். ஆனா ஒரு சர்வீஸுக்கு ரெண்டாயிரத்து ஐநூறு எச்சா ஆகுதுன்னா, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு பிரிச்சா கிலோமீட்டருக்கு கால் ரூபா. கொல்லிமலை ட்ரிப்பு ஒண்ணுலயே அது வந்துரும்.

டூப்ளிகேட் பத்தி கொஞ்சம். ஒரு தடவ அவசரத்துக்கு தெரியாத கடைல கேன் வாங்கி பழைய வண்டிக்கு ஊத்துனேன், ரெண்டாயிரம் கிலோமீட்டர்ல சூடான ஐடில்ல ஆயில் லைட்டு மினுக்குச்சு. மிச்சமிருந்த கேன எடுத்து நிதானமா பாத்தேன். மூடிக்கு கீழ இருக்குற பூட்டு வளையம் ஏற்கனவே ஒரு பக்கம் நெகிழ்ந்திருக்கு, உள்ள ஃபாயில் சீல் கோணலா ஒட்டிருக்கு, கேன்ல அடிச்ச பேட்ச் நம்பர நகத்துல சொரண்டுனா உரிஞ்சு வந்துச்சு. ஆயில எறக்கிட்டு நல்ல ஆயில ஊத்துனதும் லைட்டு நின்னுச்சு, எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல. இப்ப பரமத்தி ரோட்டுல ஒரு சின்ன கடைலதான் வாங்குறேன், இந்தக் கடைக்கு நான் அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன். அந்தக் கடைக்காரரு ஆயில எடுக்கறதுக்கு முன்னாடி வண்டி ஆர்சி புக்க கேக்குறாரு, மாடல் வருஷம் பாக்குறாரு, ஓனர் புக்குல என்ன போட்டிருக்குன்னு கேக்குறாரு, தெரியலன்னா "போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, நான் வெயிட் பண்றேன்"ங்கறாரு. ஒரு தடவ சி3 ஸ்டாக் இல்ல, வேற ஏதாவது தள்ளிவிடாம "ரெண்டு நாள் பொறுங்க, ஈரோட்டுல இருந்து வரும்"னாரு. 18 சதவீதம் ஜிஎஸ்டியோட பில்லு கேக்காமலே குடுப்பாரு, வாரன்ட்டி இருக்குற வண்டிக்கு அந்த பில்லு ரொம்ப முக்கியம், ஆயில் பேரும் தரமும் பில்லுலயே எழுதி வாங்குங்க. மைனஸ்னு சொன்னா, ஞாயித்துக்கிழமை லீவு, எனக்கு நேரம் கெடைக்கறது அன்னிக்குத்தான்.

ஆயில் சர்வீஸ் அன்னிக்கு நான் பண்றது: வண்டிய ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டி சூடாக்கிட்டு, சமமான எடத்துல நிப்பாட்டி, டிரைன் போல்ட்ட எடுப்பேன். சூடா இருந்தாத்தான் அடில தங்குன கசடோட எறங்கும். அவசரப்படாம இருவது நிமிஷம், துளி துளியா சொட்டி நிக்கிற வரைக்கும். டிரைன் போல்ட்டுக்கு காப்பர் வாஷர் புதுசு, பத்து இருவது ரூபா சாமான், பழசையே போட்டா மெதுவா கசியும். ஃபில்டர் ஒவ்வொரு தடவையும் புதுசு, ரப்பர் வளையத்துல புது ஆயில தடவிட்டு கையாலயே டைட் பண்ணணும். ஊத்துறப்ப மேல் கோட்டுக்கு கொஞ்சம் கீழயே நிறுத்திருவேன், அப்பத்தான் லெவல் ஏறுனா தெரியும். ஆயிலோட எதையாவது கலந்து ஊத்தச் சொல்லி குட்டி பாட்டில் விப்பாங்க, அது வேண்டாம், டிபிஎஃப் வண்டிக்கு அதுல என்ன இருக்குன்னே தெரியாம ஊத்தக்கூடாது.

காலி கேன அப்படியே பழைய இரும்புக் கடைக்கு போடாதீங்க, நல்ல கேனுக்கு டூப்ளிகேட்காரங்க தனி விலை குடுக்குறாங்க. கத்தியால நடுவுல கீறிட்டு, லேபிள கிழிச்சுட்டு போடுங்க. வேஸ்ட் ஆயில சென்ட்ரிங் பலகைக்கு தடவ கேட்டு வருவாங்க, நான் இப்ப குடுக்கறதில்ல, சட்டப்படி அது அபாயகரமான கழிவு, லைசென்ஸ் இருக்குற ஆளுங்க எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வந்து பேரல்ல எடுத்துட்டு போறாங்க, அவங்களுக்குத்தான். கொட்டுன எடத்துல புல்லு கூட மொளைக்காது, எங்க பழைய ஷெட்டுக்கு பின்னாடி நான் பாத்திருக்கேன்.

சி3 ஊத்த ஆரம்பிச்சு புது வண்டி இப்ப 46,000 கிலோமீட்டர் ஓடிருச்சு. மில் ட்ரிப்பு அதே மாதிரிதான் ஓடுது, அத மாத்த முடியாது, அதுக்கு பதிலா வாரத்துல ரெண்டு நாள் ட்ரிப்பு முடிச்சதும் சேலம் ஹைவேஸ்ல ராசிபுரம் வரைக்கும் நிக்காம போயிட்டு வர்றேன், அந்த டீசல் செலவ மெயின்டனன்ஸ் கணக்குல எழுதிட்டேன். மஞ்ச விளக்கு ரெண்டே தடவ வந்துச்சு, ரெண்டு தடவையும் ராசிபுரம் போறதுக்குள்ள அணைஞ்சிருச்சு. போன வாரம் சேலத்து தம்பிகிட்ட கம்ப்யூட்டர் போட்டுப் பாத்தேன், டிபிஎஃப் அழுத்தம் கிளீன் பண்ணுனப்ப இருந்ததுக்கு பக்கத்துலயே இருக்குன்னான். டிப் ஸ்டிக்ல லெவல் நான் நிறுத்துன எடத்துல இருந்து ஒரு நூல் எறங்கிருக்கு, எறங்குனதப் பாத்து இப்பத்தான் நிம்மதி. மே மாசம் அதே குடும்பம் வால்பாறைக்கு கூப்பிட்டிருக்காங்க, 40 கொண்டை ஊசி வளைவு, அந்தக் குழந்தை இப்ப ஸ்கூல் போகுதாம். கெளம்புறதுக்கு மொத நாள் ஆயில் மாத்த பரமத்தி ரோட்டுக் கடைல கேன் எடுத்து வெக்கச் சொல்லிட்டேன்.